அத்தையின் போனில் எருமையாக இருந்த அண்ணன்

என் மாமியார் ஆவுடைத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் அப்படிச் சொன்னால் கோபம் வரும். "தெரியாம இல்ல, தேவைப்படல" என்பார். அதுவும் ஒரு வகையில் உண்மைதான். பஸ்ஸின் போர்டைப் பார்க்கவே மாட்டார். டிரைவரின் முகத்தைப் பார்த்து அது விளாத்திகுளம் போகிறதா, ஓட்டப்பிடாரம் போகிறதா என்று சொல்லிவிடுவார். உரக்கடையில் மூட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்குவார். ஒரு தடவை நிறம் ஏமாற்றிவிட்டது. மாட்டுத் தீவனத்தைக் கொண்டுபோய் மிளகாய்ச் செடிக்கு வைத்துவிட்டார். "செடி நல்லாத்தான சாப்பிட்டுது?" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எட்டாவதோடு நின்று, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்து, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். எனக்கு அதிகம் பேச வராது. அது இந்த வீட்டில் ஒரு குறையாகவே தெரியவில்லை. பேச்சு வேலை முழுவதையும் அத்தையே பார்த்துக்கொள்வார்.

அவருக்குப் பெரிய போன் வாங்கிக் கொடுத்தது என் கொழுந்தன் மணிராஜ். யார் பெயரையும் வாசிக்கத் தெரியாதவர் போனை என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். கை தவறி எதையோ அழுத்தியதில் எழுத்துகள் மறைந்து பொம்மைகளாக வந்து நின்றன. ஆடு, மாடு, பழம், முகம், செருப்பு. எமோஜி என்று மணிராஜ் சொன்னான். அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை. அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, போனில் இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொம்மை வைத்தார். எந்தப் பொம்மை யாருக்கு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆளை நினைத்ததும் எது தோன்றுகிறதோ அதுதான்.

பால்காரர் பிச்சையாவுக்குத் தண்ணீர்க் குழாய். சிமென்ட் கடை சுந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு நரி. என் மாமனாருக்குக் கட்டில். மாமனாரின் தங்கை காளீஸ்வரி சித்திக்கு ஒரு கிளியும் ஒரு பாம்பும். முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. எனக்கு இரண்டு கண். வாய் வைக்கவில்லை.

போன் அடித்தால் அத்தை எட்டிப் பார்ப்பார். "பாம்பு கூப்புடுது, நீ பேசு" என்று என்னிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

அவருடைய சொந்த அண்ணன் கண்ணுசாமி எருமையாக இருந்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கண்ணுசாமி எனக்குப் பெரியப்பா முறை. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் மழைக்கு முன்னால் கரிசலில் கிடை போடுவார்கள். ராத்திரிகளில் ஆடுகளை நிலத்திலேயே படுக்கவைப்பார்கள். ஆடு போட்ட புழுக்கையும் மூத்திரமும்தான் அந்த வருஷத்து உரம். ஒரு வருஷம் தங்கை நிலத்தில் கிடை போடுவதாகச் சொல்லிவிட்டு, பெரியப்பா வேறொருவர் நிலத்தில் போட்டுவிட்டார். அங்கே அவருக்குக் கறிச்சோறு போட்டிருக்கிறார்கள். அத்தைக்கு விஷயம் தெரிந்த அன்று, விளாத்திகுளம் பஸ்ஸில் இருவரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். ஓடுகிற பஸ்ஸில் அத்தை, "ஏ எரும! கறிச்சோத்துக்கு ஆட்டை மேய்ச்சவனே!" என்று கூப்பிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. பெரியப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தார். அதோடு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அத்தை அதே ஊரைச் சேர்ந்த முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கிடை போட ஆரம்பித்தார்.

இப்படியே ஆளுக்கொரு பக்கமாக இருந்திருப்பார்கள். ஆனால் அத்தை புது வீடு கட்டி முடித்துவிட்டார்.

எங்கள் ஆட்களில் புது வீட்டில் பால் காய்ச்சும்போது, பானையை வீட்டுக்காரியின் பிறந்த வீட்டு ஆண் கொண்டுவர வேண்டும். பானையோடு அவர் வலது காலை உள்ளே வைத்த பிறகுதான் மற்றவர்கள் நுழையலாம். அத்தைக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா வராவிட்டால் புருஷன் வீட்டுப் பக்கம்தான் பானை எடுக்க வேண்டும். அதாவது காளீஸ்வரி சித்தியின் வீட்டுக்காரர் லிங்கராஜ்.

"பாம்பு வீட்டுப் பானையில பால் காய்ச்சினா, நான் சாகுத வரைக்கும் அவ அதைச் சொல்லிக் காட்டுவா. செத்த பெறகு கருமாதியில வந்தும் சொல்லுவா" என்றார் அத்தை.

"அப்ப மாமாவைப் போய்க் கூப்பிட வேண்டியதுதானம்மா" என்றான் மணிராஜ்.

"போனா நான் எறங்கி வந்துட்டதா ஆயிரும்."

"போகாட்டி?"

"கூப்பிடலன்னு ஆயிரும்."

அத்தை கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன்ல பத்திரிகை அனுப்புதாங்கல்லா இப்ப? அப்படி அனுப்பினா போனதாவும் ஆகாது, போகாததாவும் ஆகாது. ஆனா மேல அவன் பேரு இருக்கணும். பேரு போடாத பத்திரிகை நோட்டீசு மாதிரி. அவன் அதை வச்சு வடை மடிப்பான்."

மணிராஜ் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறான். ஆஸ்பத்திரி பில், கடை பில் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கித் தருகிற புரோகிராம் எழுதுவது அவன் வேலை. பத்திரிகை என்றதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பட்டனைத் தட்டினா ஒவ்வொருத்தருக்கும் அவிய அவிய பேரு போட்டுத் தனித்தனிப் பத்திரிகை வரும். போனைக் குடுங்க" என்றான்.

போனை வாங்கி ஒரு வயரில் மாட்டினான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. பட்டனைத் தட்டினான். பத்திரிகைகள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் மேலே ஒரே மாதிரி இருந்தது: அன்பிற்குரிய, ஒரு கட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி, அவர்களுக்கு.

அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கண்ணாடி உண்டு.

"இது என்னலே பொட்டி?"

"ஏதோ தப்பாயிட்டும்மா."

"நாலுவழி ரோட்டுக்கு இடிக்கப்போற வீட்டுச் செவுத்துல இப்படித்தான் குறி போட்டானுவ. இதை அனுப்பினா பால் காய்ப்புக்கு வரமாட்டாங்க, எழவு வீடுன்னு துட்டி கேக்க வருவாங்க."

மணிராஜ் அப்போதுதான் போனைத் திறந்து பார்த்தான். மேலே இருந்து சில ஆட்களைத் தள்ளிப் பார்த்தான். மின்னல், பால் டம்ளர், ஊசி. கரண்ட் ஆபீஸ், பால் சொசைட்டி, ஆஸ்பத்திரி நர்ஸ்.

"பேரெல்லாம் எங்கம்மா?"

"அதான் பேரு."

"இது எமோஜி. தமிழ் ஃபான்ட்ல இதுக்கெல்லாம் உருவம் கெடையாது. புரோகிராம் தேடிப் பாக்கும், இல்லன்னா பொட்டி போட்ரும்."

"என் போன்ல தெரியுதே?"

"போனுக்குள்ள பொம்மைக்குன்னு வேற ஃபான்ட் இருக்கு. இது இல்லன்னா அது வந்து நின்னுக்கிடும். பி.டி.எஃப்.ல அப்படி யாரும் வந்து நிக்க மாட்டாங்க. நாமதான் கூப்பிடணும்."

"அப்பப் பத்திரிகை வச்சுக் கூப்புடு" என்றார் அத்தை.

உண்மையான பெயர்களை உட்கார்ந்து அடித்திருந்தால் அன்று சாயங்காலமே வேலை முடிந்திருக்கும். நான் மெதுவாக அதைச் சொன்னேன். "மதினி, டைப் பண்ணுததுக்கா நான் படிச்சேன்? அஞ்சு நிமிஷம்" என்றான் மணிராஜ். அத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்மை இல்லாவிட்டால் எந்தப் பத்திரிகை யாருக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் இருக்கிற பொம்மையையும் போனில் இருக்கிற பொம்மையையும் பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே அனுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். மகனை நம்பி விட்டால் எருமைக்குப் போக வேண்டியது நரிக்குப் போய்விடும்.

மணிராஜின் ஐந்து நிமிஷம் அடுத்த வாரம் வரை ஓடியது.

முதலில் தமிழ் ஃபான்ட்டை எடுத்துவிட்டுப் பொம்மை ஃபான்ட்டைப் போட்டான். அதில் தமிழ் கிடையாது. பத்திரிகை முழுக்கக் கட்டமாகிவிட்டது. சரி, பொம்மையாவது வந்ததா என்று பார்த்தால், அந்த இடம் வெள்ளையாக இருந்தது. கலர் ஃபான்ட்டை அவன் வைத்திருந்த பி.டி.எஃப். புரோகிராம் ஏற்காதாம். "என்னத்துக்கு ஏற்காது?" என்று அத்தை கேட்டார். "அது பழைய காலத்து ஆளும்மா" என்றான். "அப்ப உங்கப்பன் மாதிரி" என்றார்.

பிறகு தமிழுக்கு ஒரு ஃபான்ட், பொம்மைக்குக் கறுப்பு வெள்ளை ஃபான்ட் என்று பிரித்துக் கொடுத்தான். பொம்மை வந்தது. ஆனால் எல்லாம் நிழல் மாதிரி. "எல்லாம் கரிக்கட்டை. எது கோழி, எது கத்திரிக்காய்?" என்று அத்தை தள்ளிவிட்டார். அந்த அவசரத்தில் என்ன செய்தானோ, தமிழும் கெட்டது. 'கோவில்பட்டி' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக, கழற்றிப் போட்ட சைக்கிள் மாதிரி கிடந்தது.

அதைச் சரி செய்தால் இன்னொன்று. ஊரில் ஒரு குடும்பத்துக்கு அத்தை அப்பா, அம்மா, பிள்ளை சேர்ந்து நிற்கிற பொம்மையை வைத்திருந்தார். போனில் அது ஒரே படம். பி.டி.எஃப்.பில் மூன்று தலைகள் தனித்தனியாக வந்தன. மூன்று பொம்மையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை ஒட்டிவைத்திருக்கிறது, புரோகிராம் அந்தப் பசையைத் தின்றுவிட்டது என்று மணிராஜ் விளக்கினான். "அந்தக் குடும்பத்துல எப்படியும் பாகப்பிரிவினை வரும். அது நம்ம பத்திரிகையால வந்ததா இருக்க வேண்டாம்" என்றார் அத்தை.

கடைசியில் மணிராஜ் ஃபான்ட்டையே விட்டுவிட்டான். ஒவ்வொரு பொம்மையையும் தனிப் படமாக இறக்கி, எழுத்துக்கு நடுவில் போட்டோ ஒட்டுவது மாதிரி ஒட்டினான். மேலே இருந்த மின்னலை வைத்துச் சோதித்தான். மஞ்சள் மின்னல் பளீரென்று வந்தது. பால் டம்ளர் வந்தது. ஊசி சொட்டு மருந்தோடு வந்தது. அவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்து கையை மேலே தூக்கினான். ஒரு வாரமாக அவன் பார்த்தது கட்டம் வருகிறதா, போய்விட்டதா என்பதை மட்டும்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். "தம்பி, இந்தப் படம் அவியளுக்கும் தெரியுமா?"

"தெரியும் மதினி! கலராவே தெரியும்!" என்றான் பெருமையாக.

அத்தை அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அனுப்பினார். நரிக்கு நரி, குழாய்க்குக் குழாய். பொம்மை அனுப்புகிற தனக்கு மட்டும் தெரிகிற அடையாளம், போய்ச் சேர்ந்த இடத்தில் அது அவரவர் பெயராகிவிடும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எருமை வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். சேலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாத்துட்டான்" என்றார்.

முதல் போன் சிமென்ட் கடையிலிருந்து வந்தது.

"ஏத்தா ஆவுடை, பத்திரிகை கெடச்சுது. அன்பிற்குரிய நரி அவர்களுக்குன்னு போட்டிருக்கே?"

அத்தைக்கு வாய் அடைத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். "அண்ணாச்சி, நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்லுவாங்கல்லா. அதான் உங்களுக்குப் போட்டேன்."

"அப்ப உன் வீட்டுச் சிமென்ட்டு எல்லாம் யோகத்துல வந்ததாக்கும்?" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் சிரித்துவிட்டுத்தான் வைத்தார்.

அதற்குள் பிச்சையா சைக்கிளோடு வாசலில் நின்றார். "எங்க வீட்ல பைப்பு படம் போட்ட பத்திரிகை வந்திருக்குக்கா. எம்பொண்டாட்டி சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிக் கெடக்கா. இனிமே உனக்குத் தண்ணி ஊத்தவே மாட்டேன்."

"அப்பப் பாலு?"

"அதுதான்க்கா நானும் சொல்லுதேன்" என்று பிச்சையா சொன்ன பிறகுதான், இத்தனை நாள் தண்ணீர் கலந்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கே விளங்கியது. கேனை எடுத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டார்.

காளீஸ்வரி சித்தி போனில் பேசவில்லை, எழுதினார். "பாம்புக்குப் பால் ஊத்துத வீட்டுக்கு அவசியம் வாரேன்" என்று. அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். மாமனார் மட்டும் தன் பத்திரிகையில் இருந்த கட்டிலைப் பார்த்து, "சரியாத்தான போட்டிருக்கு" என்று திரும்பிப் படுத்தார்.

எப்போதும்வென்றானில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. அத்தை யார் திட்டினாலும் கேட்டுக்கொண்டார். நடுவில் நடுவில் அந்த நீலக் கோட்டை மட்டும் திறந்து திறந்து பார்த்தார்.

மறுநாள் காலையில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டது. கண்ணுசாமி பெரியப்பா பழைய வீட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏட்டி ஆவுட! வெளிய வாட்டி!"

அத்தை ஈரக்கையோடு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷம் கழித்து அவர் முதலில் சொன்னது இதுதான்: "வாண்ணே. தண்ணி குடி."

"தண்ணி காட்டுததுக்கு நான் எருமையா?"

"எரும தண்ணியில படுக்கும். உன்னக் குடிக்கத்தான சொல்லுதேன்?"

"வாய மூடு. டீக்கடைல குடுத்து வாசிக்கச் சொன்னேன். 'அன்பிற்குரிய எருமை அவர்களுக்கு'ன்னு அவன் வாசிக்கான். கடையே எந்திரிச்சு நின்னு சிரிக்கி. வடை எண்ணெயில கெடந்து கருகுது, எடுக்க ஆளில்ல."

"அன்பிற்குரியன்னு போட்டிருக்குல்லா. அதைப் பாக்க மாட்டியா?"

பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கினார். "ஏட்டி, நம்ம வம்சத்துல யாராவது எரும வச்சிருந்தோமா? அப்பா ஆட்டுக்காரரு, நானும் ஆட்டுக்காரன். திட்டுததுன்னாலும் ஒரு ஆட்டைச் சொல்லித் திட்டக்கூடாதா? ஒரு கிடா போட்டா உனக்கு என்ன கொறஞ்சிரும்?"

அத்தை போனை மெதுவாக இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னட்டி?"

"கிடா காலியா இல்ல."

"காலியா இல்லன்னா?"

"அதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மணிராஜ் நுரையோடு சொன்னான்: "முப்பிடாதி அண்ணன், மாமா."

பெரியப்பா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பிடாதியா! அவன்ட்ட இருக்கதே அரைக் கிடை. அதுலயும் பாதி சொறி புடிச்சது. அவனுக்குக் கிடா, எனக்கு எரும!" டீக்கடையில் சிரித்ததைவிட இதுதான் அவரை அடித்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் ஆடு எங்க படுத்துது? என் நெலத்துல படுத்துது. உன் ஆடு எங்க படுத்துது?" என்றார் அத்தை.

பெரியப்பா செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"கிடாவை எனக்கு மாத்து. மாத்தின பத்திரிகை எங்கைக்கு வரட்டும். பானையப் பத்திப் பெறகு பேசலாம்."

"சரி" என்றார் அத்தை. அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து என்னவோ தட்டினார். கையை நீட்டி, எட்ட வைத்துக் காட்டினார். பெரியப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளையாக, மயிர் சுருண்டு, நாலு காலில் ஒரு ஆடு தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். புது வீட்டின் பக்கம் அவர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு நான் போனைப் பார்த்தேன். பொம்மைகளுக்குள் கிடாவுக்கு அடுத்து இன்னொரு ஆடு இருக்கிறது. அதைத்தான் போட்டிருந்தார். கிடா முப்பிடாதியிடமே இருந்தது.

"என்ன முழிக்க?" என்றார் அத்தை. "மழை வாரதுக்குள்ள கிடை போட முப்பிடாதி வேணும்லா. அவன்ட்ட இருந்து புடுங்கினா, இவன் திரும்பக் கறிச்சோத்துக்குப் போயிட்டான்னா நான் என்ன செய்ய? அத்துனூண்டு படம். யாருக்குத் தெரியப்போகுது?"

மணிராஜுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. மாமா சமாதானமாகி விட்டார் என்று அவனுக்குச் சந்தோஷம். மரியாதையாக இருக்கட்டும் என்று, அந்த ஒரு பத்திரிகைக்கு மட்டும் படத்தைப் பெரிதாக்கினான். பாதிப் பக்கத்துக்கு ஆடு வந்தது. ஒரு கட்டம் இல்லை, ஒரு மங்கல் இல்லை. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அவனே அனுப்பியும் விட்டான்.

சாயங்காலம் போன் வந்தது. அத்தை ஆசையாக எடுத்தார்.

"ஏட்டி, கொம்பு எங்க?"

"என்ன கொம்பு?"

"இதுல கொம்பைக் காணும். இது பொட்டை ஆடுட்டி! பொறந்ததுல இருந்து ஆட்டோட கெடக்குதவன்ட்டயே பொட்டை ஆட்டைக் காட்டிக் கிடாங்கியே! நீ எருமையே வச்சிருந்திருக்கலாம். அதுக்காவது கொம்பு இருந்துச்சு. பாலை நீயே காய்ச்சிக்கோ."

போனை வைத்துவிட்டார். அத்தை திரும்பி மகனைப் பார்த்தார்.

"எவம்லே உன்னப் படத்தைப் பெருசாப் போடச் சொன்னது? முன்னால பொட்டி பொட்டியா வந்துதே, அதுல என்ன கொறை கண்ட?"

"நீங்கதானம்மா தெளிவா வரலன்னு..."

"தெளிவா வந்துதான் குடும்பம் இந்த லட்சணத்துல நிக்கி."

மணிராஜுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு வாரம் மல்லுக்கட்டி அவன் ஜெயித்த ஒரே விஷயம் அது. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, கயிற்றுக்கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகும் அத்தை எப்போதும்வென்றானுக்குப் போகவில்லை. போன் செய்யவும் இல்லை. பந்தல் போட்டார்கள், வாழை கட்டினார்கள். அத்தை ஆட்களை விரட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் எது கேட்டாலும் பேச்சு பாதியில் நின்றது. முந்தின நாளே காளீஸ்வரி சித்தி வந்து இறங்கினார். புதுப் பித்தளைப் பானை, புளி போட்டு விளக்கி, கண் கூசியது. "பாம்பு வந்திருக்கேன் மதினி. பானை கொண்டாந்திருக்கேன். உங்க பக்கம் ஆளு வராதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அத்தை அந்தப் பானையை ஒரு முறை தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லா வருது" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நரி அண்ணாச்சி வந்தார். பிச்சையா பால் கொண்டுவந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கறந்த பாலு! வேணும்னா யாரும் சோதிச்சுப் பாக்கலாம்!" என்றார். முப்பிடாதி தலைப்பாகை கட்டி, சட்டையெல்லாம் போட்டு வந்து, கிடா போட்ட தன் பத்திரிகையைப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் நெருங்கியது. லிங்கராஜ் சித்தப்பா பித்தளைப் பானையைத் தோளில் தூக்கி நிலைக்கு முன்னால் நின்றார். காளீஸ்வரி சித்தி குலவை போட வாயைத் தயாராக வைத்துக்கொண்டார். அத்தை தாம்பாளத்தோடு நின்றார். நிலையைப் பார்க்காமல் தெருவையே பார்த்தார்.

டி.வி.எஸ். வண்டி பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டது.

பெரியப்பா வெள்ளை வேட்டியில் இருந்தார். முன்னால் ஒரு புதுப்பானை, அதில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேரே நிலைக்கு வந்தார். லிங்கராஜ் சித்தப்பா தானாக ஒதுங்கினார். பெரியப்பா வலது காலைத் தூக்கப்போனவர், தூக்காமல் நின்றார்.

"மொதல்ல போனைக் காட்டு."

"அண்ணே, நேரம் போகுது."

"போகட்டும். என் ஆடு வெயில்ல காத்துக் கெடக்கும், எனக்குப் பழக்கம். காட்டு."

"வீட்டுக்குள்ள போயிப் பேசலாம் அண்ணே."

"இங்கனயே காட்டு. எல்லாரும் பாக்கட்டும். டீக்கடைல எல்லாரும் பாத்தாங்கல்லா?"

அத்தை தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார். ஒரு நிமிஷம் முப்பிடாதியைப் பார்த்தார். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அத்தை கண்ணாடியில்லாமல், முகத்தைப் போனுக்குள் நுழைத்துக்கொண்டு தட்டினார். அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு அண்ணன் நம்பருக்கே போன் போட்டு, அந்த வெளிச்சத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. அத்தையின் போனில் கிடா நின்றது. பழுப்பு உடம்பு, காதைச் சுற்றி வளைந்த கொம்பு.

பெரியப்பா பானையைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை.

"கொம்பு ரெண்டும் சரியா இருக்கு" என்றார்.

"கிடை?" என்றார் அத்தை.

"மழைக்கு முன்னால."

"அரைக் கிடையா, முழுக் கிடையா?"

"ஏட்டி, பானையத் தூக்கிட்டு நிக்கேன்! முழுக் கிடைதான்!"

அத்தை நிலையை விட்டு விலகினார். பெரியப்பா வலது காலை உள்ளே வைத்தார். குலவையை முதலில் போட்டது காளீஸ்வரி சித்திதான். வாயைத் தயாராக வைத்திருந்தவர், அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கூட்டம் பின்னாலேயே நுழைந்தது. அடுப்பில் பானை ஏறியது, பிச்சையா பாலை ஊற்றினார். அண்ணனும் தங்கையும் பானைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்து, தீ போதாது, தீ அதிகம் என்று சண்டையை ஆரம்பித்தார்கள்.

முப்பிடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தையின் தோளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, அப்ப நான் இப்ப என்ன?"

"பாலு பொங்கட்டும், சொல்லுதேன்" என்றார் அத்தை, பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.